கீரி வரும் நேரம்

2024 டிசம்பர் 2, திங்கள்

சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்துவிட்டது. கோலியனூரில் எங்கள் தோட்டத்து மண்சுவர் விழுந்து கிடக்கிறது. மணிலா வாத்து மட்டும் விறகுக் கொட்டகை மூலையில் அடையைவிட்டு எழவில்லை.

டிசம்பர் 4

கரண்ட் இல்லை. செத்த கோழிக்கு 100 ரூபாய் அறிவித்திருக்கிறார்களாம். அடைமுட்டைக்கு என்ன கணக்கோ.

டிசம்பர் 7

இரவெல்லாம் நாய் வராமல் டார்ச்சோடு காவல். முட்டை போனதோ பட்டப்பகலில்.

அடையிலிருக்கும் வாத்து பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் எழும். மெல்லிறகால் முட்டைகளை மூடிவிட்டு, நாற்றம் தாங்காத எச்சம் போட்டு, தவிடு தின்று, தொட்டியில் முங்கி ஈரத்தோடு திரும்பும். அந்தச் சந்தில்தான் கீரி புகுந்திருக்கிறது. இரவில் வளையில் தூங்கி, பகலில் இரை தேடும் பிராணி அது. சுவரோரம், ஒரு முனை மட்டும் கடித்துத் திறந்த ஓடு. உட்புறம் சிவப்பு நரம்புக் கோடுகள். மணிலா வாத்துக்கு 35 நாள் அடை. உள்ளே குஞ்சு பாதிக்குமேல் வளர்ந்திருக்கும்.

டிசம்பர் 8

பொறி வைக்கப்போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு ஆயா பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. தண்ணி ஏறி வயக்காட்டுப் பாம்பெல்லாம் மேட்டுக்கு வந்திருக்கு. கீரிய ஓட்டிட்டா யாரு பாக்கறது?" புற்றம்மனான புத்துவாயம்மன் ஊரில் பாம்பை அடிக்கவும் அவர் விடமாட்டார். 1972 வனவிலங்குச் சட்டமும் கீரி பக்கம்தான். சரி, எல்லாரும் நல்லா இருக்கட்டும். என் வாத்து என்ன பாவம் செய்தது?

டிசம்பர் 11

வெள்ள நிவாரணம் 2,000 ரூபாய் வலைக்கே போயிற்று. அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், கீரியைத் தடுக்காது. அரை அங்குலக் கண் வெல்டு வலை வாங்கி, தோண்டி நுழையாதபடி அடிப்பக்கத்தை வெளிப்புறமாக ஒரு அடி மடக்கிப் புதைத்தோம்.

டிசம்பர் 13

மறுபடி மழை.

டிசம்பர் 15

முட்டையைக் காதில் வைத்தால் உள்ளே தட்டும் சத்தம். ஒன்று கூமுட்டை.

மதியம் இடிந்த சுவர்மேல் கீரி பின்னங்காலில் நின்று பார்த்தது. வயிறு ஒட்டிக் கிடந்தது. வயல்வரப்பு வளையெல்லாம் இன்னும் தண்ணீருக்குள்தான். கத்தி விரட்டினேன்.

டிசம்பர் 17

குஞ்சுகள் வந்துவிட்டன. முருங்கையில் காக்கைகள். வலைக்கு மேற்கூரை போட இன்றைக்கு ஆள் வரவில்லை.

அடை வைத்திருப்பவர்களே, ராத்திரிக் கதவை மட்டும் நம்பாதீர்கள். வாத்து குளிக்க எழும் நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள்.