எரிபொருட்கலமும் பற்றறியும்

ஒஸ்ரின் ஏ 40 மோட்டார் வண்டியைப் பற்றி யாழ்ப்பாணத்தார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திற் பெற்றோல் அருகிப்போக, அவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதிற் பற்றாது. ஆதலாற் சிறு போத்தலிற் பொத்திவைத்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்ல நேர்ந்த வீட்டார்க்கு அச்சிறு போத்தல் உயிர்காக்கும் மருந்துக்கு நிகராயிருந்தது.

தொடக்கத்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு மற்றொன்று என்னும் இம்முறையை வேறொரு வகையில், அதே ஒஸ்ரின் ஏ 40 வண்டியொன்றில், 1970 இலேயே ஒருவர் நடத்திக் காட்டியிருந்தார். அவர் வியன்னாவிற் பிறந்து, அமெரிக்காவின் யூனியன் கார்பைட் நிறுவனத்திற் பணியாற்றிய இரசாயன அறிஞர் கார்ல் கோர்டெஷ்.

நீரை மின்னாற் பகுத்து ஐதரசனையும் ஒட்சிசனையும் பிரிக்கும் பரிசோதனையைக் கல்லூரி ஆய்வுகூடத்திற் காணாத விஞ்ஞான மாணவர் இலர். அதன் மறுதலையே எரிபொருட்கலம்: இரு வாயுக்களும் கலத்தினுட் கூடி நீராகும்போது மின் பிறக்கின்றது. வில்லியம் குறோவ் 1839 ஆம் ஆண்டளவில் இதனைக் கண்டார். எனினும் வண்டியிற் பூட்டுதற்கு ஓர் இடர் உண்டு. ஒரே சீராக ஓடுங்கால் வேண்டப்படும் வலு சிறிது. புறப்படும்போதும் மேட்டில் ஏறும்போதும் வேண்டப்படுவதோ அதனிற் பன்மடங்கு. அவ்வுச்ச வலுவுக்கு ஏற்பக் கலங்களை அடுக்கின் வண்டி முழுவதும் கலமாகிவிடும். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1966 இல் எரிபொருட்கலத்தை மட்டுமே நம்பி ஆக்கிய வானில், கலங்களும் தாங்கிகளும் பின்புறத்தை நிறைத்துவிட, எஞ்சியவை இரண்டு இருக்கைகளே.

கோர்டெஷ் வேறு வழி கண்டார். தம் வண்டியில் 6 கிலோவாற்றுக் காரக் கலமொன்றையும் ஈய அமிலப் பற்றறிகளையும் இணைத்தார். ஐதரசன் உருளைகள் கூரைமீது ஏறின. உள்ளே நால்வர் இருக்க இடமிருந்தது. சீரான ஓட்டத்துக்குக் கலம். திடீரென வேண்டும் வலுவுக்குப் பற்றறி. வேகம் தணிந்தபோது கலமே பற்றறியை மீளவும் நிரப்பியது. வண்டி நிற்கும்போது பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைக் கலத்திலிருந்து வடித்துவிடுவார். அதனாற் கலத்தின் ஆயுள் நீண்டது. மறுநாட் காலையிற் கரைசல் கலத்தை நிறைக்குமுன்னரே பற்றறியின் துணையால் வண்டி புறப்பட்டுவிடும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு அக்கரைசலைக் காபனேற்றாக்கிக் கெடுக்குமாதலின், உட்செல்லும் காற்றையும் முன்னரே தூய்மையாக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய 300 கிலோமீற்றர் ஓடவல்ல அவ்வண்டியை அவர் மூன்றாண்டுகளுக்கு மேலாகப் பொதுவீதிகளிற் செலுத்தினார். அதற்கு முன்னர், 1967 இல், ஐதரசீன் கலத்தையும் நிக்கல் கட்மியம் பற்றறியையும் இணைத்த மோட்டார்ச் சைக்கிளொன்றிலும் அவர் ஏறித் திரிந்ததுண்டு. ஆய்வுகூட மேசையோடு அமையாது, தாமே ஏறிச் செலுத்திப் பார்த்த அத்துணிவை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

அவர் வகுத்த நெறியே இன்றும் நிலைபெற்றுள்ளது. 2014 இல் வெளிவந்த தொயோத்தா மிராயிலும் கலத்தோடு பற்றறி உண்டு. வேல்சு நாட்டில் 2016 இற் காட்டப்பட்ட இருவர் ஏறும் ராசா என்னும் சிறு வண்டி 8.5 கிலோவாற்றுக் கலத்தோடு அமைந்தது; அதிற் பற்றறிக்குப் பதிலாக மீக்கொள்ளளவிகள் உச்ச வலுவை ஈந்தன.

ஆயினும் நம் முச்சக்கர வண்டிகளுக்கு இம்முறை உகந்ததெனக் கூற யாம் துணியோம். கோர்டெஷ் காலத்து ஈயப் பற்றறி கிலோகிராமுக்கு 30 முதல் 40 வாற்று மணியே கொண்டது. இன்றைய இலிதியம் பற்றறி அதனிற் பல மடங்கு கொள்கின்றது. மின்னால் ஐதரசனை ஆக்கி, அமுக்கி, மீண்டும் மின்னாக்கும்போது சில்லைச் சேர்வது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு; பற்றறி வழியாயின் முக்காற் பங்கு சேரும். நாள்முழுதும் ஓய்வின்றி ஓடும் பாரவண்டிக்கு, விரைவில் நிரப்பத்தக்க ஐதரசன் பொருந்தலாம். இரவில் வீட்டு முற்றத்தில் நிற்கும் சிறு வண்டிக்கு அவ்விரைவு வேண்டியதன்று. அன்றியும், ஒரு கிலோகிராம் ஐதரசன் 700 வளிமண்டல அமுக்கத்திலும் 25 இலீற்றர் அளவு இடங்கொள்ளும். அவ்வமுக்கத்தில் நிரப்பும் நிலையமொன்றின் செலவில் எத்துணைப் பற்றறி மாற்று நிலையங்களைத் திறக்கலாமென்பதை நம் மாணவர் கணக்கிட்டுப் பார்ப்பாராக.