பழைய அம்பாசிடரும் ரப்பிங் காம்பவுண்டும்

பழைய கறுப்பு அம்பாசிடரை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் வெள்ளைத் துணி கறுப்பாகும். அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், பாவம்! அது பெயின்ட்டேதான். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்று நிறமில்லாத பூச்சு ஒன்று உண்டு, தேய்வது அதுதான். பழைய வண்டியில் நிறமே மேல்பூச்சு. வெயிலில் வெளிறிய மேல்தோல் போனதும் அடியிலிருந்து பளிச்சென்று நிறம் வரும். அந்தச் சந்தோஷத்தில் கை நிற்காது. கதவு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் பூச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். ப்ரைமர் எட்டிப் பார்த்துவிட்டால் பட்டறைச் செலவுதான்.

கணியம்பாடி மாதிரி வேலூர்ப் பக்கத்து ஊர்களில் உப்பான போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வட்டங்கள் வேறு. அதற்கு முதலில் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிப் பார்க்கலாம். காம்பவுண்ட் டப்பாவைத் திறப்பது அப்புறம்.