தலைக்கனம் என்னும் சொல்

பானுமதியைப் பற்றிப் பேச்செடுப்பவர்கள் மூன்றாவது வாக்கியத்திற்குள் 'தலைக்கனம்' என்ற சொல்லைக் கொண்டுவந்துவிடுவார்கள். சிலர் குறையாகச் சொல்வார்கள். சிலர் ரசித்துச் சொல்வார்கள். மரியாதை கருதி 'கம்பீரம்' என்று மாற்றிச் சொல்வோரும் உண்டு. எப்படிச் சொன்னாலும் அந்தப் பெண்மணியின் அறுபதாண்டுக் கலைவாழ்வு ஒரு சுபாவத்தின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. பிறவிக்குணம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. எனக்கோ, அது குணம் சார்ந்த விஷயம் என்பதைவிடத் தொழில் சார்ந்த விஷயம் என்றே தோன்றிவந்திருக்கிறது.

1925இல் ஓங்கோலை அடுத்த தொட்டவரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் பானுமதி. தந்தை பொம்மராஜு வெங்கடசுப்பையா இசையறிந்தவர். மகளுக்கு முதல் ஆசிரியரும் அவரே. 1939இல் சி. புல்லய்யாவின் இயக்கத்தில் வந்த 'வரவிக்ரயம்' என்ற தெலுங்குப் படத்தில் நடித்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. காள்ளகூரி நாராயணராவ் வரதட்சணைக் கொடுமையைச் சாடி எழுதிய நாடகம் அது. விலை கொடுத்து வாங்கப்பட்ட மாப்பிள்ளையை மறுத்து உயிரை மாய்த்துக்கொள்ளும் காளிந்தி என்ற பெண்ணாக அவர் நடித்தார். கதாநாயகன் தன் மகளைத் தொட்டு நடிக்கக் கூடாது என்று தந்தை நிபந்தனை விதித்திருந்தார் என்பார்கள். ஆக, பானுமதியின் பெயரால் திரையுலகில் வைக்கப்பட்ட முதல் நிபந்தனை அவருடையதன்று, அப்பாவுடையது. பிற்காலத்தில் அவரே நிபந்தனைகள் வைத்தபோதுதான் 'தலைக்கனம்' என்ற சொல் வந்து சேர்ந்தது.

'கிருஷ்ண பிரேமா' படப்பிடிப்பில் உதவி இயக்குநராக இருந்த பி. எஸ். ராமகிருஷ்ணாவை 1943இல் மணந்துகொண்டார். தந்தைக்கு இதில் உடன்பாடில்லை. திருமணத்திற்குப் பின் நடிப்பை விட்டுவிட்டுக் குடும்பம் நடத்தவே அவர் விரும்பினார். பி. என். ரெட்டிதான் வற்புறுத்தி 'சுவர்க்க சீமா'வில் நடிக்க அழைத்துவந்தார். தெருவில் ஆடிப்பாடும் பெண்ணாக இருந்து நாடக மேடையேறி, ஒரு குடும்பஸ்தனைத் தன் வசப்படுத்தும் பாத்திரம். 1945இல் வெளிவந்த அப்படத்தில் புறாவை விளித்து அவர் பாடும் பாட்டு, ரீட்டா ஹேவொர்த் நடித்த ஒரு ஹாலிவுட் படத்துப் பாடலின் சாயலில் அமைந்தது. கர்நாடக சங்கீதப் பயிற்சி உள்ள தொண்டையிலிருந்து அந்த அயல்நாட்டு மயக்கம் வெளிப்பட்டதைத் தெலுங்கு தேசம் கொண்டாடியது. படம் தொடங்கியபோது நடிப்பே வேண்டாம் என்றிருந்தவர், அது வெளிவந்தபோது நட்சத்திரமாகிவிட்டார்.

தமிழுக்கு அவர் வந்தது 'ராஜமுக்தி' (1948) வழியாக. தியாகராஜ பாகவதர் சிறையிலிருந்து மீண்டபின் எடுத்த படம், புனேயில் படமாக்கப்பட்டது. இலக்கிய வாசகர்களுக்கு அப்பெயர் வேறொரு காரணத்தால் நினைவிருக்கும். இதற்கு வசனம் எழுதத்தான் புதுமைப்பித்தன் புனே சென்றார். அங்கே காசநோய் முற்றி, திருவனந்தபுரம் திரும்பி, படம் வெளிவருமுன் 1948 ஜூன் 30 அன்று மறைந்தார். பாகவதரின் சரிவு, புதுமைப்பித்தனின் முடிவு, பானுமதியின் தமிழ்த் தொடக்கம் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் வந்து கூடியிருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஏதோ செய்யும். படம் ஓடவில்லை. பானுமதி நின்றுவிட்டார்.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் நடித்த படங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். 'நல்லதம்பி', 'அபூர்வ சகோதரர்கள்', 'மலைக்கள்ளன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்', 'அம்பிகாபதி' என்று அது நீளும். அதற்கு வெளியே அவரிடம் இருந்தவைதான் இங்கே முக்கியம்.

முதலாவது குரல். ஐம்பதுகளில் பின்னணிப் பாடகர் முறை வேரூன்றிவிட்டது. நடிகைக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வாயசைத்தால் போதும். அதனால் தயாரிப்பாளருக்குச் சௌகரியம் மிகுந்தது. நடிகை எளிதில் மாற்றத்தக்க பண்டமானாள். பானுமதி தம் பாடலைத் தாமே பாடுவார். அவருக்கு இன்னொருவர் குரல் கொடுப்பது என்ற பேச்சே கிடையாது. இரண்டாவது படநிறுவனம். கணவருடன் சேர்ந்து மகன் பரணியின் பெயரில் தொடங்கிய பரணி பிக்சர்ஸ் 'லைலா மஜ்னு' போன்ற படங்களை எடுத்தது; பின்னர் சாலிகிராமத்தில் பரணி ஸ்டுடியோ எழுந்தது. மூன்றாவது பேனா. தெலுங்கில் அவர் எழுதிய 'அத்தகாரி கதலு' என்னும் மாமியார் கதைகள் நகைச்சுவை இலக்கியத்தில் தனி இடம் பெற்றவை. ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமியின் பரிசும் பெற்றவை. ஆசாரமும் அதிகாரமும் கொண்ட ஒரு மாமியாரை, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நேசிக்கவும் செய்கிற மருமகள் சொல்லும் கதைகள் அவை. நடிகை எழுதிய நூல் என்ற சலுகை அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

இதை வகுப்பில் சொல்லும்போது எனக்குப் புறநானூற்று ஔவை நினைவுக்கு வருவாள். பரிசில் தரத் தாமதித்த அதியமானின் வாயிற்காவலனிடம் அவள் சொல்வதன் சாரம் இதுதான்: யாழையும் பையையும் எடுத்துக்கொண்டேன், புறப்படுகிறேன், கோடரி வைத்திருக்கும் தச்சன் மக்களுக்குக் காடு எப்படியோ, எங்களைப் போன்றோருக்கு உலகம் அப்படி, எங்கே போனாலும் சோறு கிடைக்கும். புலவர் பெருமிதம் என்று நாம் உரையெழுதும் பாடல் அது. ஆனால் அங்கே ஔவை தன் குணத்தைப் பற்றிப் பேசவில்லை, கையிலிருக்கும் கருவியைப் பற்றியே பேசுகிறாள். கருவி கையிலிருப்பவளால்தான் வாயிலிலிருந்து திரும்பிப் போக முடியும்.

பானுமதி அப்படித் திரும்பிப் போன இரண்டு சந்தர்ப்பங்கள் பிரசித்தமானவை. விஜயா நிறுவனத்தின் 'மிஸ்ஸம்மா' தெலுங்குப் படத்தில் முதலில் அவர்தான் நாயகி. சில சுருள்கள் எடுத்தும் ஆயிற்று. ஒருநாள் வரலட்சுமி பூஜையின் காரணமாகப் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்தார். தயாரிப்பாளர் சக்ரபாணி மன்னிப்புக் கடிதம் கேட்டார், இவர் மறுத்தார், அவர் எடுத்த சுருள்களை எரித்துவிட்டார் என்கிறார்கள். இரண்டாம் நாயகிக்கென இருந்த சாவித்திரி நாயகியானார். 1955இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த அந்தப் படம் சாவித்திரியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை விளக்க வேண்டியதில்லை. தம்மால் ஒரு பெரிய நடிகை கிடைத்தாள் என்று பானுமதி பின்னாளில் மகிழ்ச்சியுடன் குறிப்பிட்டதாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருந்தன்மையும் இழப்பதற்கு அஞ்சாதவருக்கே வாய்க்கும்.

மற்றொன்று 'நாடோடி மன்னன்' (1958). எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய படம். தம் சேமிப்பையெல்லாம் அதில் போட்டிருந்தார். காட்சிகளைத் திரும்பத் திரும்ப மாற்றி எடுத்ததில் பானுமதிக்கு ஒவ்வாமை ஏற்பட்டு விலகிக்கொண்டார். அவருடைய பாத்திரம் கதையின் நடுவில் இறந்துபோகச் செய்யப்பட்டது. இரண்டாம் பகுதியில் வண்ணத்தில் சரோஜாதேவி வந்தார். எம்.ஜி.ஆரின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சொந்தப் பணத்தில் படமெடுப்பவனின் பதற்றம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனாலும் அவரை எல்லோரும் வேறுவிதமாக அழைத்த காலத்தில் 'மிஸ்டர் ராமச்சந்திரன்' என்றே கடைசிவரை அழைத்தவர் பானுமதி என்பது திரையுலகம் இன்றும் வியந்து சொல்லும் செய்தி. வியப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? உடன் வேலை செய்பவரை அவர் பெயரால் அழைத்திருக்கிறார்.

இத்தனையும் சொன்னபின், அவர் நடிப்பைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாவித்திரியைப் போலப் பாத்திரத்தில் கரைந்துபோகிறவர் அல்லர் பானுமதி. எந்த வேடத்திலும் பானுமதி தெரிவார். காதற்காட்சிகளில் இது பலமுறை இடறும். நாயகனைப் பார்க்கும் பார்வையில், 'நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், முடித்துக்கொள்' என்ற பாவனை எட்டிப்பார்க்கும். பி. என். ரெட்டியின் 'மல்லீஸ்வரி' (1951) இதற்கு விலக்கு.

ஆனால் இதே குறை 'ரங்கோன் ராதா'வில் (1956) பெரும்பலமாக மாறுகிறது. அண்ணாவின் கதை, கருணாநிதியின் வசனம், காசிலிங்கத்தின் இயக்கம். 'கேஸ்லைட்' என்ற ஆங்கிலப் படத்தின் தூண்டுதலில் பிறந்த கதை. சொத்துக்காக மனைவியின் தங்கையையும் அடைய நினைக்கும் தர்மலிங்க முதலியார், மனைவி ரங்கத்திற்குப் பேய் பிடித்திருப்பதாக ஊரை நம்பவைக்கிறார். சிவாஜி முதலியார், பானுமதி ரங்கம். மென்மையான ஒரு நடிகை இதை ஏற்றிருந்தால் இரக்கம் மட்டும் தோன்றியிருக்கும். பானுமதியின் முகத்தில் எப்போதும் குடியிருக்கும் தெளிவு, இங்கே மற்றவர்கள் அதைப் பைத்தியம் என்று சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறுகிறது. அறிவுள்ள ஒரு பெண்ணை அவள் அறிவு குறித்தே ஐயங்கொள்ளச் செய்வதுதான் கொடுமைகளில் கொடியது என்று பார்வையாளருக்குப் புரிகிறது. தமிழ்த்திரையில் ஒரு நடிகையின் சுபாவமும் பாத்திரத்தின் நெருக்கடியும் இவ்வளவு பொருந்திய இடங்கள் குறைவு. 'அன்னை' (1962) மற்றொன்று. அதில் சகோதரியின் மகனைத் தன் பிள்ளையாக வளர்ப்பவளின் உடைமைவெறியை அவர் அழகுபடுத்தவே இல்லை.

இயக்குநராக அவர் பெரிதாகச் சாதிக்கவில்லை என்பதே என் கணிப்பு. 1953இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளிலும் தாமே இயக்கி, அதில் இரட்டை வேடமும் ஏற்றார். இருபத்தெட்டு வயதுக்குள் ஒரு பெண் அன்று அதைச் செய்துமுடித்தது மலைப்பூட்டும் காரியம், படம் மலைப்பூட்டவில்லை. இரட்டைப் பிறவிகள் பிரிந்து வளரும் பழகிய கதைதான். அவருடைய பிற்காலப் படங்களில் பெண்விடுதலை முழக்கங்களைத் தேடுபவர்களும் ஏமாந்தே போவார்கள். குடும்பமும் பக்தியும் மரபும் அவருக்கு உடன்பாடானவை. கொள்கையாகச் சொல்லாததை அவர் சம்பள ஒப்பந்தத்தில் வாழ்ந்து காட்டினார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்த இடத்தில் சாவித்திரியின் வீழ்ச்சியை இழுத்துவந்து ஒப்பிடுவது பலருக்கு வழக்கம். 'பிராப்தம்' (1971) முதலிய சொந்தப் படங்களில் பொருளிழந்து, 1981இல் அவர் மறைந்த துயரத்தை, பானுமதியின் சாமர்த்தியத்துக்குச் சான்றாக்குவது எனக்கு உவப்பானதன்று. இருவரும் படமெடுத்தார்கள், இருவரும் இயக்கினார்கள். ஒருவருக்குப் பக்கத்தில் கணக்குப் பார்க்கும் ராமகிருஷ்ணா கடைசிவரை இருந்தார். பானுமதியின் சுதந்திரத்தைப் பேசும்போது, அதற்கு இடம்விட்டு ஒதுங்கி நின்ற அந்த மனிதரை நாம் போதிய அளவு குறிப்பிடுவதில்லை.

1985இல் சென்னை அரசு இசைக்கல்லூரியின் முதல்வராகப் பானுமதி நியமிக்கப்பட்டார். நியமித்த அரசின் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்னன்' வெளிவந்து இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

2005 டிசம்பர் 24 அன்று சென்னையில் அவர் மறைந்தார். இன்றைய மாணவர்களுக்கு அவர் 'செம்பருத்தி' (1992) படத்துப் பாட்டியாக மட்டுமே தெரியும், அதுவும் சிலருக்கு. பிரசாந்தின் பணக்காரப் பாட்டி. அந்தப் படத்திலும், அறுபத்தாறு வயதில், இளையராஜாவின் இசையில் தம் பகுதியைத் தாமேதான் பாடியிருக்கிறார்.