பாதித் தோடி

2019 சரஸ்வதி பூஜை அன்று மாலை, மேற்கு மாம்பலத்தில் ஒரு நவராத்திரி மேடையில், தோடி ஆலாபனை செய்துகொண்டிருந்த நாகசுர வித்வானை நான் பாதியில் நிறுத்தினேன். மேடையிலிருந்து இறக்கி, வாசலில் நிற்க வைத்து, காரில் வந்த ஒரு பணக்காரருக்கு வரவேற்பு வாசிக்கச் சொன்னேன். பேசிய பணத்தில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவையும் மறைக்க இரண்டு பொய் சொன்னேன்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால், விழா அமளியில் ஏதோ தவறிவிட்டது என்று நீங்கள் என்னை மன்னித்துவிடக்கூடும். அமளி எதுவும் இல்லை. யோசித்துத்தான் செய்தேன். ஆகவே விவரமாகச் சொல்கிறேன்.

நான் அந்த விழாக் குழுவின் செயலாளர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கீதம் தெரிந்தவன் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர். அது தானாக வந்த பெயர் அல்ல. கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பாடகர் வாயைத் திறந்த உடனேயே ராகத்தின் பெயரை நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். நான் அவர்களில் ஒருவன்.

சென்னையில் டிசம்பர் சீசன் சபாக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் உரியது. நவராத்திரி தெருவுக்கு உரியது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் முளைத்ததுமே எங்கள் குழுவுக்கும் சுறுசுறுப்பு வந்துவிடும். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வாடகை மைக், தொன்னையில் சுண்டல். ஒரு நாள் குழந்தைகளின் சுலோகப் போட்டி, ஒரு நாள் கோலாட்டம், ஒரு நாள் வீணை, ஒரு நாள் மெல்லிசை. பாடத் தெரிந்தவர்களும் பாடலாம், தெரியாதவர்களும் பாடலாம். இந்த ஊரின் கலை நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

அந்த வருஷம் நாகசுரக் கச்சேரி வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். குழுவில் ஒருவருக்கும் இஷ்டமில்லை. "நாயனம் கோயிலுக்குச் சரி, கல்யாணத்துக்குச் சரி. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து யார் கேட்பா?" என்றார்கள். நான் கொதித்தேன். விழா மலரில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினேன். 1947 ஆகஸ்டில் சுதந்திரம் பிறந்த வேளையில் தில்லியில் அவருடைய நாகசுரம் ஒலித்ததையும், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் அவரும் சேர்ந்து பாரி நாகசுரத்தைச் செம்மைப்படுத்தியதையும், ஷெர்வானி போட்டுக்கொண்டு ராஜா மாதிரி சபைக்கு வந்ததையும் எழுதினேன். அவருடைய தோடிக்கு மட்டும் இரண்டு பத்தி. வாய்ப்பாட்டுக்காரருக்குக் கிடைக்கும் மேடையும் மரியாதையும் நாகசுரக்காரருக்கு ஏன் கிடைப்பதில்லை என்று ஊரைப் பார்த்துக் கேட்டு முடித்திருந்தேன். நல்ல கட்டுரை என்று பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வித்வான் கும்பகோணம் பக்கம். போனில் 20,000 கேட்டார். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், தாளம், வேன் வாடகை எல்லாம் அதற்குள் அடக்கம். நான் பேரம் பேசினேன். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் மேளக்காரர்கள் வயிற்றைக் கட்டும் மாதங்கள். என் கட்டுரையிலேயே அதைப் பரிதாபமாக எழுதியிருந்தேன். அதையே பேரத்துக்கும் பயன்படுத்தினேன். "புரட்டாசியில உங்களுக்கு வேற என்ன கச்சேரி இருக்கப்போறது?" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி சார், 15,000 கொடுங்க. தெருவுல நாலு பேரு உட்கார்ந்து கேக்கணும்னு சொல்றீங்களே, அதுக்காக வர்றோம்" என்றார்.

வந்தவுடன் ஒரு பையனைக் காட்டினார். தவில்காரருடைய மகன், பதினான்கு வயது. தோடியில் கீர்த்தனை முடிந்ததும் தனி ஆவர்த்தனத்தில் அவனை வாசிக்கவைக்கப்போவதாகச் சொன்னார். மேடையில் அவனுக்கு அது முதல் தனி. பையன் என் காலில் விழுந்தான். "நன்னா வாசி" என்றேன். ஆக, இதுவும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழியும் இல்லை.

வித்வான் கையில் எங்கள் மலர் இருந்தது. "சார் கட்டுரை படிச்சேன். பிள்ளைவாளைப் பத்தி அருமையா எழுதியிருக்கீங்க" என்றார்.

ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். ஹம்சத்வனியில் ஒரு உருப்படி, பிறகு துரிதமாக இன்னொன்று. சுண்டலுக்கு வந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் நாற்காலி தேடினார்கள். குழுவில் எதிர்த்தவர்களே எதிர் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஏழு மணிக்குத் தோடி தொடங்கியது. அடக்கமாகத் தொடங்கி, காந்தாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாத்தியத்தின் அந்த நீளமான உடம்பில் இவ்வளவு மெல்லிய சத்தம் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றும். அவர் நிறுத்திய இடங்களில் தவில் புகுந்து பதில் சொன்னது. தெருவில் ஆட்டோக்காரர் ஒருவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்குப் போன் வந்தது. விழாவுக்குப் பெரிய நன்கொடை கொடுத்தவர் சீக்கிரமே கிளம்பிவிட்டாராம். எட்டரைக்கு வர வேண்டியவர் எட்டுக்குள் வந்துவிடுவார். அவருடைய பேத்தியின் நடனம் அன்றைய கடைசி நிகழ்ச்சி. அதற்கு முன்னால் அவர் கையால் எனக்குப் பொன்னாடை.

என் மனசில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். அடுத்த வருஷ நன்கொடையைப் பற்றி நான் கவலைப்பட்டேன் என்று குழுவிடம் பிற்பாடு சொன்னேன். அது பாதி உண்மை. அவர் காத்திருக்கப் பிடிக்காமல் பேத்தியை ஆடவைத்துவிட்டுக் கிளம்பினால் பொன்னாடை போய்விடும் என்பதுதான் என் பயம். என் மனைவியும், பெங்களூரிலிருந்து வந்திருந்த என் மகளும் முன் வரிசையில் இருந்தார்கள். போட்டோக்காரரிடம் எந்தப் பக்கமாக நின்று எடுக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிவைத்திருந்தேன். ஒரு ஜரிகைத் துண்டு. அதன் விலை 200 ரூபாய் இருக்கும். வாங்கிவந்தவனும் நான்தான்.

பக்கவாட்டுப் படியில் ஏறினேன். வித்வான் கண்ணை மூடிக்கொண்டு மேல் ஸட்ஜத்தை எட்டும் நேரம். கைக்கடிகாரத்தைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. குனிந்து அவருடைய முழங்காலைத் தட்டினேன். வாசித்துக்கொண்டிருப்பவரைத் தொடக் கூடாது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். கண்ணைத் திறந்தார். "போலீஸ் பர்மிஷன் எட்டு மணி வரைக்கும்தான். இன்னும் டான்ஸ் இருக்கு. முடிச்சுக்கோங்கோ" என்றேன்.

அது முதல் பொய். ஒலிபெருக்கி இரவு பத்து மணி வரை வைக்கலாம். அனுமதிக் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

அவர் ஆலாபனையை அப்படியே அறுத்துவிடவில்லை. ஒரே மூச்சில் படிப்படியாகக் கீழே இறக்கி ஆதார ஸட்ஜத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, சீவாளியிலிருந்து வாயை எடுத்தார். "கீர்த்தனை வேண்டாம் சார். பையன் மட்டும் ஒரு பத்து நிமிஷம் வாசிச்சுடட்டும்" என்றார். நேரமில்லை என்றேன். பையன் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் இறங்கிவிட்டேன். பார்த்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. அதனால்தான் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மேடைக்குப் பின்னால் போய், "சீஃப் கெஸ்ட் வரார். வாசல்ல நின்னு ஒரு மல்லாரி வாசிச்சு அழைச்சுண்டு வந்துடுங்கோ" என்றேன். மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. மனுஷனுக்கு வாசிப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாதவர் கேட்டிருந்தால் அறியாமை. சங்கீதம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய நான் கேட்டேன்.

சினிமாவில் நாகசுர வித்வான் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். தியேட்டரில் கை தட்டுவோம். நிஜத்தில் போக முடியாது. வேனுக்கு டீசல் போட வேண்டும். அவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். லேசாகத் தூறல். தோல் ஈரமானால் தவில் பேசாது. தவில்காரர் மேல்துண்டை எடுத்து வாத்தியத்தின் மேல் போட்டுவிட்டு, தான் நனைந்துகொண்டு நின்றார். கார் வந்தது. வித்வான் மல்லாரி வாசிக்கவில்லை. மேல்நாட்டு மெட்டில் அமைந்த இங்கிலீஷ் நோட்டு வாசித்தார். காரிலிருந்து இறங்கியவர் புன்னகையோடு தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவர் எனக்குச் சொன்ன பதில் அது. பதில் புரிந்தும் குடையைப் பிடித்துக்கொண்டு பணக்காரர் பின்னாலேயே நடந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், அப்போது எண்பதைத் தாண்டியவர். இளவயதில் ராஜரத்தினம் பிள்ளையை நேரில் கேட்டவர். என் கையைப் பிடித்து, "தோடி என்னடா ஆச்சு?" என்றார். "வித்வானுக்குத் திடீர்னு உடம்பு முடியல மாமா" என்றேன். இரண்டாவது பொய். வித்வானுக்குச் சுடுதண்ணீர் கொடுத்தீர்களா என்று வேறு விசாரித்தார் அந்த மனிதர். மறு வருஷம் அவர் இல்லை. மேடையில் அவர் கேட்ட கடைசி ராகத்தை நான் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம், கடைசியாக இருக்காது, வேறெங்காவது கேட்டிருப்பார் என்று சமாதானம் செய்துகொள்வேன். அந்த வருஷம் அவர் வேறெங்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பணம் கொடுக்கும்போது 8,000 எண்ணிக் கொடுத்தேன். பாதிக் கச்சேரிதானே என்றேன். மீதி 7,000 ரூபாயை நான் எடுத்துக்கொள்ளவில்லை. குழுக் கணக்கில் மிச்சம் காட்டினேன். சிக்கனமான செயலாளர் என்று பொதுக்குழுவில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். எடுத்துக்கொள்ளவில்லை என்ற சொல்லை இப்போது படித்துப் பார்க்கையில், நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பது தெரிகிறது. பாராட்டாக எடுத்துக்கொண்டேன் என்பதே சரி.

2020 மார்ச்சில் ஊரடங்கு. சித்திரையும் வைகாசியும் மேளக்காரர்களின் அறுவடைக் காலம். அந்த வருஷம் கோயில்கள் பூட்டிக் கிடந்தன; கல்யாணங்கள் வீட்டுக் கூடத்துக்குள் ஒடுங்கின. வித்வானிடமிருந்து போன் வந்தது. கடன் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி வந்தது. அதையும் எடுக்கவில்லை. பின்னொரு நாள், அவரை எனக்கு அறிமுகப்படுத்திய குருக்கள்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் பணம் கேட்கவில்லையாம். ஏதோ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, இந்த இடத்தில் கச்சேரி செய்தார் என்று விழா நடத்தியவர்களிடமிருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்ததாம். லெட்டர்பேடும் முத்திரையும் என் மேஜை இழுப்பறையில் இருந்தன. ஐந்து நிமிஷ வேலை.

தவில்காரர் மகன் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறான். தவில் வாசிப்பதில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அப்படிச் சொல்வதிலும் என் பெருமை ஒளிந்திருக்கிறது. மேளக்காரர் வீட்டுப் பையன்கள் தவிலை விடுவதற்கு என்னைவிடப் பெரிய காரணங்கள் இருக்கின்றன. நான் அவற்றோடு ஒரு காரணமாகச் சேர்ந்துகொண்டேன் என்பது மட்டும் உறுதி.

2021 நவராத்திரியின்போது என் சொந்தப் பணம் 7,000 ரூபாயைப் போன் வழியாகவே வித்வானுக்கு அனுப்பினேன். பேசத் துணியவில்லை. "என்ன பணம் சார் இது?" என்று செய்தி வந்தது. "பழைய பாக்கி" என்று போட்டேன். "சரிங்க சார்" என்று பதில் வந்தது.

அந்தப் போலீஸ் அனுமதியை அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். இந்தக் கட்டுரையைக் கொடுத்தபோது, அச்சுக்குப் போவதற்கு முன் நேரில் போய் அவரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் போட மாட்டேன் என்று பத்திரிகை ஆசிரியர் நிபந்தனை போட்டார். அது எனக்குத் தானாகத் தோன்றவில்லை. வரும் வெள்ளிக்கிழமை கும்பகோணத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.