நரம்பு வழி நடக்கும் நோய்

புற்றுநோய் பரவுவதற்கு மூன்று வழிகள் உண்டு என்பது பலரும் அறிந்ததே. அண்டைத் திசுக்களை அரித்துக்கொண்டு செல்லும். நிணநீர் வழியே போகும். குருதியோடு கலந்து தொலைவுக்கும் ஓடும். நான்காவது வழி ஒன்று உண்டென்பதை என் பெரியப்பாவால் அறிந்தேன்.

நாற்பதாண்டுகள் வெற்றிலையோடு புகையிலையும் போட்டவர் அவர். கன்னத்தின் உட்புறம் வந்த புண் தாடை வரை இறங்கிற்று. புண்ணைவிட அவரை வாட்டியது வேறொன்று. "கீழுதடு மரத்துப் போச்சுடா, ஆனா தீயா எரியுது" என்பார். மரத்த இடம் எப்படி எரியும்? வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அறுவைக்குப் பின் வந்த திசுப் பரிசோதனை அறிக்கையில் ஒரே வரி இருந்தது: நரம்புறைக்குள் புற்றணுக்கள் உள்ளன.

எங்கள் விலங்கியல் பேராசிரியர் படம் வரைந்து விளக்கினார். நரம்புக்கு மூன்று உறைகள். அவற்றுள் எதற்குள்ளேனும் புற்றணு நுழைந்திருந்தாலும், நரம்பை ஒட்டி அதன் சுற்றளவில் 33 விழுக்காட்டையேனும் வளைத்திருந்தாலும் அதை நரம்பு ஊடுருவல் எனலாம் என்று 2009-இல் ஓர் ஆய்வுக் குழு வரையறுத்தது. அவ்வாறு புண்பட்ட நரம்பு தொடுவுணர்வைச் சுமக்காது. ஆனால் தானாகவே வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும். பெரியப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை!

நரம்புறைக்குள் நிணநீர்க் குழாய்கள் உண்டு, அவற்றின் வழியாகவே நோய் செல்கிறது என்றுதான் முன்பு எண்ணினார்கள். அப்படிக் குழாய்களே உள்ளே இல்லை என்று 1960-களில் தெரிந்தது. தடை குறைந்த பாதை என்பதால் போகிறது என்றனர். அதுவும் முழு உண்மையன்று. 2001-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலியின் நரம்பு முடிச்சையும் மனிதனின் புராஸ்டேட் புற்றணுக்களையும் ஆய்வுக்கூடத்தில் அருகருகே வளர்த்தார்கள். நரம்பிழைகள் புற்றணுக்களை நோக்கி நீண்டன. புற்றணுக்கள் அவ்விழைகளைப் பற்றி எதிர்த்திசையில் நடந்தன. நரம்பு வெறும் சாலை அன்று, அதுவும் அழைக்கிறது. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கட்டியைச் சுற்றி நல்ல திசுவோடு சேர்த்து வெட்டினாலும், நரம்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்த சில அணுக்கள் கத்திக்குத் தப்பலாம். ஆகவே ஆறு வாரங்களில் 30 முறை கதிர்ச் சிகிச்சை என்றார் மருத்துவர்.

"அதான் வெட்டி எடுத்தாச்சே, இன்னும் எதுக்குக் கரண்ட்டு வைக்கணும்?" என்று பெரியம்மா தடுத்தார். உறையையும் அணுவையும் அவரிடம் எப்படிச் சொல்வது? வயலில் கோரையைப் பிடுங்கினாலும் மண்ணுக்குள் ஓடிய கிழங்கு நிற்குமே, அதுபோல என்றேன்.

"கோரையா?" என்று சற்று நேரம் பேசாமலிருந்தார். மறுநாள் முதல் தூக்குச்சட்டியில் மோருடன் 30 நாளும் அவரே உடன் சென்றார்.