ஒன்றாம் சிலிண்டர் கடைசியில்

நான் போனபோது பெரியவர் சேறு வாரிக்கொண்டிருந்தார். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டு ஓட்டைக்குள் வளைத்த கம்பியை விட்டுச் சுரண்டச் சுரண்ட, துருவும் வண்டலும் காப்பிச் சக்கையாய் வாளியில் விழுந்தன. "வண்டி சூடேறினால் ரேடியேட்டரை மாற்றுவார்கள். இதற்குள் யாரும் கை விடுவதில்லை" என்றார்.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஒரு சின்னப் பட்டறை. மேடையில் இருந்தது 1962 ஜாகுவார் ஈ-டைப்பின் 3.8 லிட்டர் எக்ஸ்கே என்ஜின். இது பிறந்த ஊரும் இதுதான். போர்க்கால இரவுகளில், குண்டு விழுந்தால் தீயணைக்கத் தொழிற்சாலையில் காவலிருந்த வில்லியம் ஹெயின்ஸும் கூட்டாளிகளும் பேசிப் பேசியே இதற்கு உருக்கொடுத்தார்கள். 1948-ல் வெளிவந்தது, 1992 வரை உற்பத்தியில் இருந்தது.

"ஒன்றாம் சிலிண்டர் எது?" என்று கேட்டார் பெரியவர். ரேடியேட்டர் பக்கத்தைக் காட்டினேன். சிரித்தார். ஜாகுவாரில் பின்னாலிருந்து எண்ண வேண்டுமாம்.

பக்கத்து மேடையில் ஒரு இளம்பெண் சிலிண்டர் ஹெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வால்வுக்கும் கேமுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி, இன்லெட்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு, எக்ஸாஸ்டுக்கு ஆறு. திருகிச் சரிசெய்ய ஸ்க்ரூ எதுவும் கிடையாது. சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு எஃகு வில்லை, அதுதான் ஷிம். 'ஏ' முதல் 'இசட்' வரை எழுத்துப் பொறித்த 26 கனங்களில் வரும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை மாற்ற கேம்ஷாஃப்டையே கழற்ற வேண்டும். மாற்றி, பூட்டி, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வால்வில் பத்து அமைந்துவிட்டன. இரண்டு அடம்பிடித்தன. மூன்றாம் முறையாகக் கழற்றினார். அவர் முகத்தில் சலிப்பே இல்லை, எனக்குத்தான் வந்தது.

ஹெட்டுக்குப் பொன்னிறப் பெயின்ட், கேம் மூடிகளுக்குக் கண்ணாடிப் பாலிஷ். பார்க்க வருகிறவர்கள் படம் எடுப்பது இதைத்தான். எனக்கென்னவோ அந்த மினுமினுப்பு சற்று அதிகமாகப் பட்டது. பெரியவரிடம் மெல்லக் கேட்டேன். "தொழிற்சாலையில் இவ்வளவு தேய்க்க யாருக்கு நேரம் இருந்தது?" என்றார்.

ஷோரூமிலிருந்து இறங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்பது சொந்தக்காரரின் கண்டிப்பு. அங்கேதான் சிக்கல். கிராங்க்கின் பின்முனையில் அந்தக் கால அமைப்புதான், இன்றைய ரப்பர் சீல் இல்லை. புது வண்டியே கொஞ்சம் எண்ணெய் சொட்டும். அதையும் அப்படியே விடுவதா என்று பெரியவர் முந்தின நாள் அவருக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னார்?"

"சொட்டக் கூடாதாம். ரப்பர் சீல் போட, கிராங்க்கைக் கடைய லேத்துக்கு அனுப்ப வேண்டும்" என்றபடி கம்பியை மறுபடி ஓட்டைக்குள் விட்டார்.