அலையேறுவோர் அணியும் ஆடை

ஹவாய்த் தீவுகளுக்குப் புறப்பட்டபோது நண்பர்கள் எனக்குச் செய்த உபதேசம் இதுதான்: "அது உஷ்ணப் பிரதேசம், ஐயா! கடலில் இறங்க ஓர் அரை நிஜார் போதும். வேறு எதையும் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்."

சிக்கனம் சொல்லும் புத்திமதியை யார்தான் தட்டுவார்கள்? அரை நிஜாருடனேயே ஹொனொலூலு நகரத்தின் வைகீக்கி கடற்கரையில் போய் நின்றேன்.

அங்கே அலைகள் வெகு தூரத்திலிருந்து சாவதானமாக உருண்டு வருகின்றன. சிறுவரும் பெரியவரும் பலகையின் மேல் எழுந்து நின்று, அலையோடு அலையாகக் கரையை நோக்கிச் சறுக்கி வருகிறார்கள். அந்நாட்டு மொழியில் இதற்கு 'ஹேஎ நாலு', அதாவது அலைச் சறுக்கு என்று பெயர்.

நானும் ஒரு பலகையுடன் இறங்கினேன். தண்ணீர் இதமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்திற்குள் பற்கள் கிட்டத் தொடங்கின! காரணம் பிறகு விளங்கியது. நம் சென்னைக் கடல் ஏறக்குறைய 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வைகீக்கியிலோ மாசி மாதத்தில் 24, புரட்டாசியில் 27 டிகிரிதான். நம் உடம்பின் உஷ்ணம் 37. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆகவே இதமான கடலும் சிறுகச் சிறுக நம் சூட்டைக் கவர்ந்து விடுகிறது. வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று, ஈர உடம்பில் பட்டு மிச்சத்தையும் கொண்டு போகிறது.

குளிர் அரை மணியில் விட்டது. வெயில் விடவில்லை. நீரின் குளிர்ச்சியில் சூரியன் முதுகைச் சுட்டது தெரியவே இல்லை. அன்றிரவு மல்லாந்து படுக்க முடியாமல், நண்பர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டேன். மார்பிலோ பலகையில் பூசிய மெழுகும் மணலும் உராய்ந்து புண்.

மறுநாள், அலைச் சறுக்குக் கற்றுத்தரும் அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைக் கவனித்தேன். மணிக்கட்டு வரை கை நீண்ட, உடம்போடு ஒட்டிய மெல்லிய நைலான் அங்கி அணிந்திருந்தார். 'ராஷ் கார்டு' என்பார்கள். உராய்வுக்கும் வெயிலுக்கும் அதுவே கவசம். பருத்திச் சட்டை உதவாது. நீரைக் குடித்துக் கனக்கும், காற்றில் குளிரும். கலிபோர்னியாவின் குளிர்ந்த கடலுக்கு ஏற்ற தடித்த நுரை ரப்பர் உடையும் இங்கே வேண்டியதில்லை; குளிர்கால விடியலில் மெல்லிய மேலங்கி ஒன்று போதும். அடியில் பவழப் பாறை உண்டு; காலுக்கு ரப்பர் செருப்பு நல்லது. முகத்துக்குக் களிம்பு பூசலாம். ஆனால் பவழத்துக்குத் தீங்கென்று கருதப்படும் இரண்டு ரசாயனங்கள் கலந்த களிம்புகளைப் பொதுவாக விற்கக் கூடாதென்று 2021 முதல் அங்கே சட்டம்.

இதே கடற்கரையில் ஆடையைப் பற்றி வேறொரு வழக்கும் நடந்திருக்கிறது. பண்டை ஹவாய் மக்கள் இடுப்பில் ஒரு துணியுடனோ, அதுவும் இல்லாமலோ அலையேறினார்கள். 1820-ல் வந்திறங்கிய அமெரிக்கப் பாதிரிமார்களுக்கு அது அநாகரிகமாகத் தோன்றிற்று. அந்நிய நோய்களால் ஜனங்கள் குறைந்தார்கள்; கண்டனத்தால் விளையாட்டும் குன்றியது. 1893-ல் ராணி லிலியுவோகலானியின் சிம்மாசனமும் பறிபோயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வைகீக்கி வாலிபர்கள் அலைகளை மீட்டார்கள். அவர்களில் ஒருவரான ட்யூக் கஹானமோகு, 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றார்.

அவருடைய வெண்கலச் சிலை இன்று கரையில் நிற்கிறது. இடுப்பில் நீச்சல் நிஜார், கழுத்தில் மலர் மாலைகள்; வேறொன்றுமில்லை. எதிரே அமெரிக்க யாத்திரிகர்கள் கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள். இது பாதிரிமார் சொன்னதற்காக அல்ல; சூரியன் சொன்னதற்காக! எந்த உடை தகும் என்பதை அந்தந்த நாட்டுக் கடலும் வெயிலும்தானே சொல்ல வேண்டும்?

சிலையை வணங்கிவிட்டு, நேரே கடைக்குப் போய் முழுக்கை அங்கி ஒன்று வாங்கினேன்.